ஏப்ரலில் பிறந்த ஜனவரிக் கடிதம்

கொம்பியூட்டர் பொய் சொல்லாது என்று விசாரணை அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னவள் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கையை உயர்த்திப் பதில் சொல்லும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அங்கே அதற்குப் பரிசு தந்தார்கள். இங்கே என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் தர்சிகா. உட்துறைமுகக் கரையில் இருக்கும் ஒரு தனியார் படகுப் பட்டறையில் பதினொரு வருடமாக எழுதுவினைஞர். நியமனக் கடிதத்தில்தான் எழுதுவினைஞர். கடிதம் அடிப்பது, தொலைபேசி எடுப்பது, மனேஜர் தொலைத்த திறப்பைத் தேடுவது, அவர் பேசி அனுப்பிய ஆட்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் தலையில். முதலாளி கொழும்பில் இருக்கிறார். அவரை நான் இரண்டே முறைதான் கண்டிருக்கிறேன். இரண்டு முறையும் என்னை வேறு யாருடையவோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பலநாள் படகுகள் பழுதுபார்க்க எங்களிடம் வரும். கரையிலிருந்து கடலுக்குள் இறங்கும் தண்டவாளத்தில் ஒரு பெரிய இரும்பு வண்டி. அதைத் தண்ணீருக்குள் இறக்கி, படகை அதன்மேல் ஏற்றி, வின்ச் என்ற இழுவை இயந்திரத்தால் மேலே இழுப்பார்கள். அந்த வின்ச்சை ஓட்டியவர் கிண்ணியா றுவைஸ் நானா. ஐம்பதைத் தாண்டிய மனிதர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை வேலை முடியும் நேரம், பழைய சாரத் துண்டொன்றை வயர்க்கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நடப்பார். வயரில் எங்கே ஒரு நூல் அறுந்திருக்கிறதோ அங்கே துணி மாட்டும். நின்று எண்ணுவார். பிறகு நடப்பார். அதைச் செய்யும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை, செய்ததற்காக யாரும் நன்றி சொல்லவும் இல்லை.

ஜனவரி பதினோராம் திகதி, சனிக்கிழமை, மேலே என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு கடுதாசி அடிக்கணும்."

அவருக்கு எழுதத் தெரியும். தன் எழுத்தை மனேஜர் பார்த்துச் சிரிப்பார் என்று கூச்சம். அவர் நின்றபடி சொன்னார், நான் அடித்தேன். வின்ச் வயரில் பத்தொன்பது இடத்தில் நூல் அறுந்திருக்கிறது. நான் கையால் எண்ணிப் பார்த்தேன். போன மாதம் ஒன்பதாக இருந்தது. வயரை மாற்ற வேண்டும். கீழே ஆள் நிற்கும்போது இழுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி வரியை நான் திருத்தப் பார்த்தேன். "நானா, 'பாதுகாப்புக் குறைபாடு காணப்படுகிறது' எண்டு போடுவமே? கடிதம் எண்டா அப்பிடித்தான் இருக்கோணும்."

"வேணாம். பயம் எண்டுதான் சொன்னனான். பயம் எண்டே இரிக்கட்டும்."

அப்படியே விட்டேன். அச்செடுத்தேன், கையொப்பம் வைத்தார். மனேஜர் பிரவீனன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். வாசித்தார். தலையை ஆட்டினார். மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார். கதை நிற்கவேயில்லை. வெளியே போகும் கடிதங்களுக்குத்தான் எங்களிடம் பதிவுப் புத்தகம். கந்தோருக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும் கடிதத்தை யார் பதிவது? நானும் பதியவில்லை.

அடுத்த கிழமை மனேஜர் றுவைஸ் நானாவிடம் சொன்னாராம், வயர் கொழும்பிலிருந்து வருகிறது, அதுவரை சின்னப் படகுகளை மட்டும் இழு என்று. வயர் வந்துகொண்டேயிருந்தது. ஜனவரி போய்விட்டது, பெப்ரவரியும் போய்விட்டது.

மார்ச் மூன்றாம் திகதி ஒரு பெரிய படகு வந்து நின்றது. படகுக்காரர் அவசரம் என்றார். மனேஜர் வெளியில் இருந்தார். தொலைபேசியில் "ஒண்டும் நடக்காது, இழு" என்றார். றுவைஸ் நானா இரண்டு முறை மாட்டேன் என்றதை நான் ஜன்னலில் நின்று என் காதால் கேட்டேன். மூன்றாம் முறை இழுத்தார். பாதி வழியில் வயர் அறுந்தது. வண்டி படகோடு பின்னால் ஓடியது. பின்னால் நின்றவர் இராசநாயகம் அண்ணன். படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டத் தகடும் கையுமாக நின்றார். மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன். அந்த ஜன்னலை அதற்குப் பிறகு நான் திறப்பதில்லை.

இராசநாயகம் அண்ணன் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர். அவரும் றுவைஸ் நானாவும் ஒன்பது வருடம் ஒரே மர நிழலில் மத்தியானம் சாப்பிட்டவர்கள். அண்ணனின் மனைவி புஸ்பராணி அக்கா பொரித்துக் கட்டிவிடும் மீனில் பாதி எப்போதும் நானாவுக்கு. நோன்பு மாதம் வந்தால் அண்ணன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், சுவருக்கு மறைவில் இருந்து சாப்பிடுவார். அன்றைக்கும் நோன்பு தொடங்கியிருந்தது. நானா பட்டினியோடுதான் வின்ச்சில் நின்றார்.

பொலிஸார் வந்தார்கள், வாக்குமூலம் எடுத்தார்கள். விசாரணை ஜூனில் என்று ஒரு திணைக்களத்திலிருந்து அறிவித்தல் வந்தது. செத்த வீட்டுக்கு நானா போனார். புஸ்பராணி அக்கா அவரைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. வயர் தேய்ந்தது வின்ச்சுக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா, தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்துவிட்டான் என்று சல்லி முழுக்கக் கதை பரவியிருந்தது. அந்தக் கதையை யார் தொடக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊகம் உண்டு.

நான் மனேஜரிடம் போய்க் கேட்டேன். "சேர், அந்த ஜனவரிக் கடிதம்?"

"என்னட்டப் பத்திரமா இருக்கு தர்சிகா. விசாரணையில நானே குடுப்பன். நீர் யோசிக்காதேயும்."

நான் யோசிக்கவில்லை. இப்போது அதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஏப்ரலில் புதுக் கொம்பியூட்டர் வந்தது. பழையது சாகக் கிடந்தது, ஒரு கடிதம் திறப்பதற்குள் பிளேன்ரீ குடித்து முடித்துவிடலாம். டவுனில் கடை வைத்திருக்கும் நிப்றாஸ்தான் எங்கள் கந்தோருக்குக் கொம்பியூட்டர் வேலை செய்பவன். கெட்டிக்காரன். ஒரு வேலையை இரண்டாம் முறை செய்ய வைக்க மாட்டான்.

"அக்கா, பழசுக்குள்ள இரிக்கிறதை நானே அப்படியே மாத்தித் தாறன். திகதி, கிகதி ஒண்டும் குழம்பாது. கடை பூட்டியிரிக்கு, இருபத்தொண்டாந் திகதி கொண்டு வாங்க."

"அதுவரை ஏலாது நிப்றாஸ். பதினேழாந் திகதி நல்ல நேரம். அண்டைக்குத்தான் எங்களுக்குப் புது வருச வேலை தொடங்குறது."

அவன் சிரித்தான். "கொம்பியூட்டருக்கு என்னத்துக்கு அக்கா நல்ல நேரம்?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் செத்த இடத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் அது தெரியும். இராசநாயகம் அண்ணன் போனதற்குப் பிறகு பட்டறையில் எதைத் தொட்டாலும் பிழையாய்ப் போனது. ஒருவன் விரலை நசுக்கினான். மோட்டார் ஒன்று எரிந்தது. சித்திரை பிறந்து, பஞ்சாங்கத்தில் வேலை தொடங்கச் சொன்ன நேரத்துக்கு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினால் இந்த வருடத்துச் சனியன் இத்தோடு போகும் என்று நான் நம்பினேன். பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள். இதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

பதின்மூன்றாம் திகதி, பழைய கொம்பியூட்டரில் இருந்த எல்லாக் கடிதங்களையும் ஒரு பென் டிரைவில் நானே பிரதி எடுத்தேன். வருடம் பிறக்கும்போது அந்தப் பழைய பெட்டி கந்தோர்க் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்று அன்றைக்கே நிப்றாஸின் வீட்டுக்கு அனுப்பினேன். மூதூரில் ஒரு பாலர் பாடசாலைக்குக் கொடுப்பதாக மனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"டிஸ்கில ஒண்டும் மிஞ்சப்படாது," என்று நிப்றாஸிடம் சொன்னேன். "கந்தோர்க் கடிதங்கள். ஒருத்தற்ற கண்ணிலயும் படப்படாது."

"ஓட்டை போட்டிடுறன் அக்கா. வேற புதுசு ஒண்டு போட்டுக் குடுப்பம்," என்றான்.

பதினேழாம் திகதி காலை ஒன்பது முப்பத்தாறுக்குப் புதுக் கொம்பியூட்டருக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, முதலில் ஒரு பிள்ளையார் படத்தை உள்ளே போட்டேன். அதன் பின்னால் பென் டிரைவிலிருந்து பதினொரு வருடக் கடிதங்கள். நாலாயிரத்துச் சொச்சம். பத்து மணிக்குள் எல்லாம் ஏறிவிட்டது. நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

ஜூன் மாதம் விசாரணை. எங்கள் கந்தோரின் கூட்ட அறையிலேயே வைத்தார்கள். நடுவில் அதிகாரி, வயதான மனிதர், அடிக்கடி கண்ணாடியைத் துடைப்பவர். ஒரு பக்கம் மனேஜரும் கொழும்பிலிருந்து வந்த கம்பனிச் சட்டத்தரணியும். மறுபக்கம் தனியாக றுவைஸ் நானா, வெள்ளைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு. சுவரோரக் கதிரையில் புஸ்பராணி அக்கா. நானாவைத் தவிர எல்லோரையும் பார்த்தா.

போன இரவு நானா எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். "தங்கச்சி, எனக்கு வேலை போனாலும் போகட்டும். என்ர பொஞ்சாதி ஜெமீலாவும் அதைத்தான் சொல்லுறா. நான் சொன்னனான் எண்டு புஸ்பராணிக்குத் தெரியணும். அவ்வளவுதான். அந்த மனுசன்ர மீனைத் திண்டவன் நான்."

அதிகாரி மனேஜரைக் கேட்டார்: வயர் பற்றி முன்னறிவித்தல் ஏதும் கிடைத்ததா?

"இல்லை ஐயா," என்றார் பிரவீனன். "வாயாலயும் சொல்லேல்லை. எழுத்திலயும் தரேல்லை. தந்திருந்தா நான் உடனே மாத்தியிருப்பன்."

இப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் ஒரு குழப்பமும் இல்லை. ஐந்து பேர் நடுவில் பட்டப்பகலில் ஒரு மனிதன் இவ்வளவு சுகமாகப் பொய் சொல்லலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் எழும்பிவிட்டேன்.

"ஐயா, கடிதம் இருக்கு. நான்தான் அடிச்சனான். ஜனவரி பதினொண்டு. இவரிட்டக் குடுத்ததும் நான்தான். கந்தோர்க் கொம்பியூட்டரில இப்பவும் இருக்கு, திறந்து காட்டுறன். ஆக்கள் பொய் சொல்லலாம், கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

புஸ்பராணி அக்கா முதன்முறையாக றுவைஸ் நானாவைத் திரும்பிப் பார்த்தா. நானா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பார்வைதான். அதை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொம்பியூட்டரைக் கூட்ட அறைத் திரையில் இணைத்தேன். கடிதத்தைத் திறந்தேன். அதிகாரி வாசித்தார். "பயமாக இருக்கிறது" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

சட்டத்தரணி எழும்பினார். மெதுவான குரல், நல்ல தமிழ். "மேலே ஜனவரி பதினொன்று என்று போட்டிருக்கிறது. அதை யாரும் எப்போதும் அடிக்கலாம். இந்தக் கோப்பு எப்போது உருவானது என்று கொம்பியூட்டரையே கேட்போமா? அது பொய் சொல்லாது அல்லவா?"

"கேளுங்கோ," என்றேன். நானே வலது பொத்தானை அமத்தினேன். நானே விபரப் பக்கத்தைத் திறந்தேன். திரையில் பெரிய எழுத்தில் வந்தது.

உருவாக்கிய திகதி: ஏப்ரல் 17.

விபத்து நடந்தது மார்ச் மூன்றில்.

அறையில் யாரோ கதிரையை நகர்த்தினார்கள். அடுத்த வரியைப் பார்த்தேன். கடைசியாகத் திருத்திய திகதி: ஜனவரி 11.

"இந்தா, ஜனவரி! கீழ பாருங்கோ, ஜனவரி!" என்று கத்தினேன்.

"பார்க்கிறேன்," என்றார் சட்டத்தரணி. "ஏப்ரலில் பிறந்த கடிதத்தை ஜனவரியில் திருத்தியிருக்கிறீர்கள். பிள்ளை பிறப்பதற்கு மூன்று மாதம் முந்தியே தலைமயிர் வெட்டியிருக்கிறீர்கள்." மனேஜர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்குவதுபோல் வாயைப் பொத்தினார். "ஐயா, கொம்பியூட்டரின் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்து வேலை செய்தால் இப்படித்தான் வரும். அதோடு, கோப்பின் உள்ளேயும் ஒரு திகதி இருக்கும். அதையும் திறக்கச் சொல்லுங்கள்."

எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று உள்ளே இருப்பது அந்தக் கணம்வரை எனக்குத் தெரியாது. அவர் சொன்ன இடத்தில் அமத்தினேன். உள்ளடக்கம் உருவாக்கிய திகதி: 2014, ஆகஸ்ட்.

இதற்கு என் சோம்பேறித்தனம் காரணம். சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்ல ஏலாது. எல்லாக் கந்தோரிலும் அடிப்பவர்கள் இப்படித்தான். வெற்றுப் பக்கம் திறந்து தலைப்பு, விலாசம், எழுத்துரு எல்லாம் யார் முதலிலிருந்து அடிப்பார்கள்? ஒரு பழைய கடிதத்தைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றி, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அதன்மேல் அடிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பெண்கள் கழிவறைக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டு அடித்த கடிதம்தான் என்னுடைய எல்லா உள்கடிதங்களுக்கும் தாய். பதினொரு வருடம் நான் அடித்ததெல்லாம் அந்தப் பூட்டுக் கடிதத்தின் வயிற்றில் பிறந்தவை.

"2014 ஆகஸ்ட்," என்றார் சட்டத்தரணி. "காலஞ்சென்றவர் இந்தப் பட்டறையில் சேர்வதற்கு முந்தியே இந்தக் கடிதம் எழுதப்பட்டுவிட்டது."

நான் விளங்கப்படுத்தினேன். பூட்டைச் சொன்னேன், பென் டிரைவைச் சொன்னேன், நல்ல நேரத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போல் கேட்டது. பிள்ளையார் படத்தையும் சொல்லிவிட்டேன். அதிகாரி என்னை இரக்கமாகப் பார்த்தார். "பழைய கொம்பியூட்டர் எங்கே?" என்றார். சொன்னேன். டிஸ்கை ஓட்டை போடச் சொன்னது யார் என்றார். அதையும் சொன்னேன்.

"தர்சிகா நல்ல பிள்ளை ஐயா," என்றார் மனேஜர். "ஆருக்கும் கஷ்டமெண்டாத் தாங்கமாட்டா. இரக்கம் கூட." அந்த மனிதன் என்னைக் காப்பாற்றுவதுபோல் கதைத்தே என்னை முடித்தான்.

விசாரணை ஒரு கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. படியில் இறங்கும்போது புஸ்பராணி அக்கா என்னை நிறுத்தினா. பின்னால் றுவைஸ் நானா வந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, செத்த மனுசன்ர பேரில பொய்க் கடுதாசி அடிக்க உனக்கு எப்பிடி மனம் வந்தது?" என்றா. "சொல்ல மறந்திட்டன் எண்டு அந்தாள் என்ர காலில விழுந்திருந்தாக்கூட ஒருநாளைக்கு மன்னிச்சிருப்பன். இப்ப கள்ளத் திகதி போட்டுக்கொண்டு வாறியள்."

"அக்கா, சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத."

நானா அதைக் கேட்டார். எங்கள் இருவரையும் தாண்டிப் போய்த் தன் மோட்டார்சைக்கிளை எடுத்தார். இரண்டு முறை மிதித்தும் அது கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே படலையைத் தாண்டினார்.

அப்படியே நிப்றாஸின் கடைக்குப் போனேன். கேட்டுவிட்டு அவன் தலையில் கைவைத்தான்.

"அக்கா, ஒரு கோப்பைப் பிரதி எடுத்தா, போற இடத்தில அதுக்கு அண்டைக்குத்தான் பிறந்தநாள். கடைசியாக் கைவைச்ச திகதி மட்டும் பழசாவே வரும். அதுதான் திருத்தினது முந்தி, பிறந்தது பிந்தி. கள்ளவேலை ஒண்டுமில்ல, எல்லாக் கொம்பியூட்டரும் அப்படித்தான். திகதியையும் சேத்துக் கொண்டு போகச் சொல்லி ஒரு கட்டளை இரிக்கு. ஒரு வரி. அதுக்குத்தான் இருபத்தொண்டாந் திகதி வாங்க எண்டு சொன்னனான்."

ஒரு வரி. நாலு நாள். நாலு நாள் பொறுத்திருந்தால் காணும்.

"அந்தப் பழைய டிஸ்க்?" என்று கேட்டேன்.

அவன் வாசலைக் காட்டினான். நடுவில் ஓட்டை போட்ட வெள்ளித் தட்டு ஒன்று நூலில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. காகம் வராமலிருக்கக் கட்டியிருந்தான். நான் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். அவனில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த கிழமை நிப்றாஸ் சாட்சி சொல்ல வந்தான். கடையைப் பூட்டிவிட்டு, புதுச் சேட் போட்டுக்கொண்டு வந்தான். எனக்குச் சொன்னதையே அதிகாரிக்கும் சொன்னான். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

சட்டத்தரணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, ஒரு கோப்பின் திருத்திய திகதியை ஜனவரி பதினொன்று என்று இன்றைக்கு மாற்ற ஏலுமா?"

நிப்றாஸ் என்னைப் பார்த்தான். பிறகு நானாவைப் பார்த்தான். உண்மையைச் சொல்லியே பழகியவன்.

"ஏலும்," என்றான்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ரெண்டு நிமிசம்."

"நன்றி தம்பி. போகலாம்."

அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் நடந்திருக்கக்கூடியதுதான், ஆனால் நடந்திருக்கலாம் என்பதை வைத்து எழுத ஏலாது என்றார் அதிகாரி. அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டிவிட்டாவது நித்திரை கொண்டிருப்பேன்.

மூன்று நாள் கழித்து மனேஜர் நானாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். வெளியே வந்த நானா நேரே என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு கடுதாசி அடிக்கணும்."

ஜனவரியில் சொன்ன அதே வார்த்தைகள், அதே இடத்தில் நின்றபடி. என்ன கடிதம் என்று கேட்டேன். வழக்கு என்று போனால் கவலையீனத்தால் மரணம் என்று நீதிமன்றத்தில் நிறுத்துவார்களாம். வருடக்கணக்கில் இழுக்குமாம். குற்றத்தை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் விசாரணையோடு முடித்துவிடலாம் என்று மனேஜர் சொல்லியிருக்கிறார். வேலை மட்டும்தான் போகும்.

"நான் அடிக்கமாட்டன் நானா."

"நீங்க அடிக்காட்டி அவர் அடிப்பார். அவர் அடிச்சா அது என்ர கதையா இரிக்காது. என்னென்னமோ போடுவார். நான் சொல்லுறபடி நீங்க அடிங்க."

"பொய் நானா அது!"

"தெரியும்," என்றார். "இழுத்தது நான்தானே தங்கச்சி. ரெண்டு தரம் ஏலாதெண்டு சொல்லத் தெரிஞ்சவனுக்கு மூணாந்தரமும் சொல்லத் தெரிஞ்சிரிக்கணும். அதுக்கெண்டு நினைச்சு அடிங்க."

வழமைபோல் பூட்டுக் கடிதத்தைத் தேடி என் கை போனது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேணாம். பழசுக்கு மேல அடிக்காதீங்க. வெறும் பக்கம் ஒண்டு திறந்து அடிங்க."

கொம்பியூட்டரைத் தன் வாழ்நாளில் தொடாத மனிதர். அந்த அறையில் இருந்து இதைப் படித்திருக்கிறார். நான் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். இந்தக் கந்தோரில் பதினொரு வருடத்தில் முதல்முறை. தலைப்பையும் விலாசத்தையும் எழுத்தெழுத்தாக அடித்தேன். அவர் சொன்னார். வின்ச் வயரைச் சோதிப்பது என் பொறுப்பு. வயர் தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அதைப் பற்றி நான் யாருக்கும் அறிவிக்கவும் இல்லை.

சாரத் துண்டோடு வயரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று எண்ணியபடி நடந்த மனிதர் 'கவனிக்கவில்லை' என்று சொல்ல, அதை நான் அடித்தேன். எனக்கு அழுகை வந்தது. எழுத்துகள் மறைந்ததால் இரண்டு இடத்தில் பிழை விட்டுத் திருத்தினேன். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார்.

"கடைசியில ஒரு வரி. இராசநாயகத்தின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன். அத மட்டும் மாத்தாதீங்க. அது பொய் இல்ல."

மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று அதிகாரிக்கு. ஒன்று மனேஜரின் அதே லாச்சிக்கு. மூன்றாவது சல்லிக்கு, புஸ்பராணி அக்காவுக்கு. மூன்றிலும் கையொப்பம் வைத்தார். பேனையை மூடி என் பக்கம் தள்ளினார். ஆனால் போகவில்லை.

"அண்டைக்குப் பாத்த மாதிரி அந்தத் திகதியளைப் பாருங்க தங்கச்சி. ஒத்துப்போகுதா?"

வலது பொத்தானை அமத்தினேன். உருவாக்கிய திகதி, இன்று, காலை பத்துப் பன்னிரண்டு. திருத்திய திகதி, இன்று, பத்து முப்பத்தொன்று. உள்ளே இருப்பதும் இன்று. ஒரு நிமிடம் அங்கே இங்கே பிசகவில்லை.

"ஓம் நானா," என்றேன். "எல்லாம் சரியா இருக்கு."

சல்லிக்குப் போக வேண்டிய பிரதியை எடுத்து நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

"அப்ப இத அவ நம்புவா," என்றார்.